மலையக இலக்கியம் என்னும் தொடை: வரையறையும் தெளிவின்மையும்

மலையக இலக்கியம் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுகின்றது. மலையக இலக்கியம் என்பது யாது? மலையகத்திற் பிறந்தோர் எழுதியதா, மலையகத்தைக் களமாகக் கொண்டு எழுதப்பட்டதா, அன்றேல் தோட்டத் தொழிலாளரின் நோக்குநிலையிலிருந்து எழுதப்பட்டதா? இவ்வினாவுக்கு இரு வகையான விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. ஒரு சாரார் இவற்றுள் ஓர் அளவுகோலைத் தெரிந்தெடுத்து, அதற்கு அமையாத ஆக்கங்களைத் தள்ளிவிடுகின்றனர். மறு சாரார், எந்த அளவுகோலும் எல்லா ஆக்கங்களுக்கும் பொருந்தாமையைச் சுட்டிக்காட்டி, அவ்வாறான தனி இலக்கியம் எதுவும் இல்லை என்றும், ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் களங்களுள் ஒன்றாக மலையகம் அமைகின்றது என்பதே சரி என்றும் வாதிக்கின்றனர்.

இவ்விரு விடைகளும் ஒன்றற்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், இரண்டும் ஒரே எடுகோளிலிருந்தே பிறக்கின்றன. கூரிய எல்லை வரையப்படாத எதுவும் ஒரு தொகுதி ஆகாது என்பதே அவ்வெடுகோள். முதற் சாரார் எல்லையை வலிந்து வரைகின்றனர். இரண்டாம் சாரார் எல்லை இன்மையைக் காட்டித் தொகுதியையே மறுக்கின்றனர். இவ்வெடுகோள் திறனாய்வாளர் மேசையோடு நின்றுவிடுவதன்று. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் வாழும் மக்களின் வாக்குரிமையையும் பிரஜாவுரிமையையும் தீர்மானித்ததும் இதுவே. ஆதலின், தொகுதி பற்றியும் எல்லை பற்றியும் மிகக் கண்டிப்பாகச் சிந்தித்த துறையாகிய கணிதத்தின் துணையோடு அதனைப் பரிசோதித்துப் பார்ப்பது பயனுடையதாகும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

1

பல பொருள்களை ஒன்றாகக் கொண்டு கருதும் தொகுப்பினை இலங்கையின் கணிதப் பாடநூல்கள் தொடை என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்றும் வழங்குகின்றன. தொடுக்கப்படுவது தொடை. அதன்கண் அமைவன மூலகங்கள். ஒரு பொருள் ஒரு தொடையின் மூலகமா அன்றா என்னும் வினாவுக்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டேயன்றி வேறு விடை இருத்தலாகாது என்பது தொடைக் கோட்பாட்டின் தொடக்க நிபந்தனை. ஜெர்மானிய அளவையியலாளர் பிரேகே, கூரிய எல்லை இல்லாத கருத்தினைக் கருத்து என்று அழைப்பதே தவறு எனக் கொண்டார்.

எந்தப் பண்பினைச் சொன்னாலும் அதற்கு ஒரு தொடை உண்டு என்ற நம்பிக்கை 1902 இல் ரசல் பிரேகேக்கு எழுதிய கடிதத்தோடு தகர்ந்தது. தம்மைத் தாமே மூலகமாகக் கொள்ளாத தொடைகள் அனைத்தையும் கொண்ட தொடை தன்னுள் அடங்குமா? அடங்கும் எனின் அடங்காது. அடங்காது எனின் அடங்கும். இம்முரண்பாட்டினைத் தவிர்க்கும் பொருட்டே 1908 இல் செர்மெலோ தமது வெளிப்படையுண்மைகளை அமைத்தார். அவற்றுள் நமக்கு இங்கு முக்கியமானது பிரிப்பு பற்றியது. முன்னரே உள்ள ஒரு தொடையிலிருந்து, திட்டமான ஒரு பண்பினைக் கொண்டு, அப்பண்புடைய மூலகங்களை மாத்திரம் பிரித்தெடுக்கலாம் என்பது அது.

ஆனால் திட்டமான பண்பு என்பது யாது? செர்மெலோ அளித்த விளக்கம் திட்டமாக இருக்கவில்லை. தெளிவின்மையை விலக்குவதற்கு எழுந்த விதியின் நடுவிலே தெளிவற்ற ஒரு சொல் அமர்ந்திருந்தது. 1922 இல் பிராங்கெலும் ஸ்கோலெமும் தனித்தனியே அதனைத் திருத்தினர். குறிப்பிட்ட மொழியொன்றின் வாய்பாட்டினால் எழுதத்தக்க பண்பே திட்டமானது என்பது ஸ்கோலெமின் தீர்வு. கூரிய எல்லை உலகிலே கிடந்து கண்டெடுக்கப்பட்டதன்று. எந்த மொழியில் எழுதுவது என்ற தீர்மானத்தினாலே அது ஆக்கப்பட்டது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இனி மலையகத்துக்கு வருவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு பிரிப்பு விதியே. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் வாய்பாடு. எழுத்தளவில் இது கூரியது. ஆனால் பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத லயங்களில் வாழ்ந்தோருக்கு அவ்வாய்பாட்டின் உண்மையை நிறுவும் வழி இருக்கவில்லை. அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இடையறாத வதிவைக் கேட்டது. மணமானோருக்கு 7 ஆண்டுகள், மணமாகாதோருக்கு 10 ஆண்டுகள். அதே சட்டம் நியாயமான அளவினதாகிய உறுதியான வருமானத்தையும் பற்றிப் பேசியது. நியாயமான அளவு எது? செர்மெலோவின் திட்டமான என்ற சொல்லைப் போன்றே, கூரிய சட்டத்தின் நடுவில் இதுவும் தெளிவற்ற சொல்லாக நின்றது. கணிதத்தில் அச்சொல்லை ஸ்கோலெம் திருத்தினார். இங்கு அதற்குப் பொருள் கூறும் அதிகாரம் விண்ணப்பத்தைப் பரிசீலித்த உத்தியோகத்தரின் கையில் இருந்தது. விண்ணப்பத்துட் சேர்க்கப்பட்டிருந்த ஏறத்தாழ 8 இலட்சம் பேருள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவினரே பிரஜைகளாகப் பதியப்பட்டனர். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். 1952 இல் ஒருவரும் தெரிவாகவில்லை.

2

கூரிய எல்லையின் கொடுமையைக் கண்டோர், உறுப்புரிமையைப் படிப்படியாக அளந்தால் என்ன என்று கேட்பது இயல்பே. கணிதத்தில் இக்கேள்விக்குப் புகழ்பெற்ற விடையை அளித்தவர் லொத்பி சாதே. 1965 இல் வெளியான அவரது கட்டுரை மங்கல் தொடை என்னும் கருத்தினை முன்வைத்தது. மங்கல் தொடையில் ஒவ்வொரு பொருளுக்கும் 0 இலிருந்து 1 வரையான ஓர் எண் உறுப்புரிமையின் அளவாகக் கொடுக்கப்படும். இரு தொடைகளின் இடைவெட்டுக்குச் சிறிய எண்ணும், ஒன்றிப்புக்குப் பெரிய எண்ணும், நிரப்பிக்கு 1 இலிருந்து கழித்த மீதியும் கொள்ளப்படும். பொறியியலில் இதன் பயன் பெரிது. அதனை மறுப்பார் இலர். ஆனால் தெளிவின்மை என்னும் பிரச்சினைக்கு இது தீர்வாகுமா?

தேயிலைத் தோட்டத்தவர்க்கு இக்கேள்வி புதியதன்று. தொடை பற்றிய நூல் எதனையும் அறியாத கொழுந்துக்காரி, மங்கல் உறுப்புரிமையை நாள்தோறும் அனுபவித்திருக்கிறாள். பிரட்டுக்களத்தில் அவளது பேர் பதியப்படுகிறது. மாலையில் மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படுகிறது. தோட்டம் விதித்த இறாத்தலோ கிலோவோ நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாட் சம்பளம் பெறுவோர் என்னும் தொடையில் அவளது உறுப்புரிமை அன்று 1 அல்லது ½.

கிரேக்கர் காலத்திலிருந்து பேசப்பட்டு வரும் குவியற் புதிரினை இங்கே அப்படியே காணலாம். நிறைந்த கூடையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துவிட்டால் அது நிறையாத கூடை ஆகிவிடுவதில்லை. மீண்டும் ஒன்றை எடுத்தாலும் அவ்வாறே. இப்படியே எடுத்துக்கொண்டு போனால் வெறுங்கூடையையும் நிறைந்த கூடை என்று சொல்ல நேரும். சாதேயின் விடை, நிறைவு ஒவ்வொரு கொழுந்தோடும் சிறிது சிறிதாகக் குறைகின்றது என்பதாகும். மடுவத்துத் தராசு காட்டுவதும் அதனையே. ஆனால் தராசு காட்டும் நிறை வேறு. செக்ரோலில் விழும் பேர் வேறு. நிறை ஓர் உண்மை; பேர் ஒரு தீர்மானம். எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகின்றது. ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிப்பது என்பதும் நிறுப்போரின் முடிவாகவே இருந்து வந்துள்ளது. நாள் முழுதும் சரிவிலே நின்றவளின் உழைப்பினை ½ என்னும் எண் விபரிப்பதில்லை. அவ்வுழைப்பின்மீது ஒருவருக்குள்ள அதிகாரத்தையே அது விபரிக்கின்றது.

சாதேயின் கோட்பாட்டின் மீதுள்ள அடிப்படைக் குற்றச்சாட்டும் இதுவே. ஓர் ஆக்கம் 0.7 அளவில் மலையக இலக்கியம் என்று ஒருவர் கூறினால், ஏன் 0.68 அன்று என்ற வினா உடனே எழும். ஓர் எல்லைக்கோட்டினை வரைய இயலாமைக்கு மருந்தாக முடிவிலா எண்ணிக்கையான கோடுகளை வரைந்துவிட்டோம். அன்றியும், சாதேயின் மங்கல் தொடை, கணித நோக்கில், பொருள்களை எண்களோடு தொடர்புபடுத்தும் ஒரு சார்பு. அச்சார்பு செர்மெலோ, பிராங்கெல் ஆகியோரின் கூரிய தொடை உலகிலே வாழும் கூரிய பொருளே. தெளிவின்மை அங்கே விளக்கப்படவில்லை; கூரிய எண்களால் மூடப்பட்டது.

இதற்கு அரசியலிலும் ஓர் உதாரணம் உண்டு. 1964 ஒக்ரோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு. தொடைக் கோட்பாட்டு நோக்கில் இது விந்தையானது. பிரிப்பு விதியிலே பண்பு முதலில் வரும். எத்தனை மூலகங்கள் என்பது அதிலிருந்து பெறப்படும். இங்கோ எண்ணிக்கை முதலில் நிச்சயிக்கப்பட்டது. எவர் எத்தொடையினர் என்பது பின்னர் தேடப்பட்டது. 1974 இல் எஞ்சிய தொகை ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாக்கப்பட்டது. எல்லையில் நின்றோருக்குக் கிடைத்த பெறுமானம் ½. ஆயினும் எந்த மனிதரும் பாதி இலங்கையராகவும் பாதி இந்தியராகவும் ஆகவில்லை. பாதிப் பேர் முழுமையாக இங்கும், பாதிப் பேர் முழுமையாக அங்கும் உரியோராகக் கணிக்கப்பட்டனர். அளவு புகுத்தப்பட்டது, கூரிய எல்லை என்னும் எடுகோள் மாறவில்லை.

3

அளவைப் புகுத்துவதால் மாத்திரம் எடுகோள் மாறாது என்பதைக் கணிதவியலாளர் சிலர் தெளிவாக உணர்ந்தனர். மங்கல் தொடையைக் கூரிய உலகினுள் ஒரு சார்பாக வைப்பதை விடுத்து, உறுப்புரிமை என்னும் உறவையே புதிதாக வெளிப்படையுண்மைகளால் வரையறுக்க அவர்கள் முயன்றனர். 1974, 1975 ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் சேப்பின், உறுப்புரிமையை இரண்டு பொருள்களுக்கிடையிலான உறவாகக் கொள்ளாது மூன்று பொருள்களுக்கிடையிலான உறவாகக் கொண்டார். இன்னது இன்னதன்கண் இவ்வளவில் உறுப்பு என்பது அங்கே அடிப்படைக் கூற்று. அவ்வளவும் ஒரு தொடையே. 2003 இல் ஹாயெக்கும் ஹானிகோவாவும், மங்கல் அளவையியலையே அடித்தளமாகக் கொண்டு, செர்மெலோ – பிராங்கெல் முறைக்கு ஒத்த ஒரு தொடைக் கோட்பாட்டினைக் கட்டியெழுப்பினர்.

இம்முயற்சிகளிலிருந்து திறனாய்வாளர் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பழைய வெளிப்படையுண்மைகள் சிலவற்றை அவற்றின் வழக்கமான வடிவிலேயே மங்கல் அளவையியலினுள் கொண்டுவந்தால், ஒன்று ஆம் அல்லது அன்று என்னும் பழைய விதி அவற்றிலிருந்து தானாகவே பிறந்துவிடுகின்றது. ஒவ்வொரு தொடையும் அடிநிலை ஒன்றில் முடிதல் வேண்டும் என்னும் வெளிப்படையுண்மை இத்தகையது. அளவுகள் எல்லாம் மீண்டும் 0, 1 என்னும் இரண்டாகச் சுருங்கிவிடும். ஆகவே அவற்றை வேறு வடிவில் எழுத வேண்டியதாயிற்று. பழைய எடுகோள்களை வைத்துக்கொண்டு புதிய அளவுகளைச் சேர்த்தால் பழைய கூர்மையே திரும்பி வரும் என்பது கணிதத்தில் நிறுவத்தக்க உண்மை. 1974 இன் சரிபாதியிலே நாம் கண்டதும் இதன் நிழலையே.

வேறொரு வழியைத் தெரிந்தவர் பிராகா நகரத்து வொபெங்கா. 1979 இல் நூலாக வெளிவந்த அவரது மாற்றுத் தொடைக் கோட்பாட்டில் எண் அளவுகளுக்கே இடமில்லை. ஒரு தொடையின் பகுதியாக இருந்தும் தான் ஒரு தொடையாக அமையாத வகுப்புகள் உண்டு என்பது அவரது அடிப்படைக் கருத்து. அத்தகைய வகுப்பினை அரைத்தொடை எனலாம். குரங்கிலிருந்து மனிதன்வரை தலைமுறை தலைமுறையாக ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலாவது குரங்கு. குரங்கின் பிள்ளை குரங்கே. எனினும் வரிசையின் ஈற்றில் நிற்பவன் மனிதன். வரிசை முழுவதும் ஒரு தொடை. அதிலுள்ள குரங்குகளின் வகுப்போ அரைத்தொடை. ஒன்றுக்கு உண்மையாயின் அடுத்ததற்கும் உண்மை, ஆகவே எல்லாவற்றுக்கும் உண்மை என்னும் தொகுத்தறி முறை தொடைகளுக்கே செல்லும், அரைத்தொடைகளுக்குச் செல்லாது. குவியற் புதிர் இவ்வாறு அவிழ்கின்றது. எல்லை இன்ன இடத்தில் என்று காட்ட இயலாது. ஆயினும் வகுப்பு உண்மையானது, அதன் இரு முனைகளும் வேறானவை.

4

நம் இலக்கண மரபுக்கும் இத்தகைய சிந்தனை அந்நியமானதன்று. தொல்காப்பியர் எழுத்தினை முப்பது என வரையறுத்தார். பின்னர் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றினையும் அவற்றினின்று பிரித்து, சார்ந்து வரும் மரபினவாகத் தனியே கூறினார். அவற்றை எழுத்தல்ல என்று தள்ளவுமில்லை, முப்பதோடு கலந்துவிடவுமில்லை. எவ்விடத்து, எதனைச் சார்ந்து, எந்நிபந்தனையில் அவை தோன்றும் என்பதையே விதித்தார். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை உண்டு. அது ஒலிக்கும் கால அளவு, அது எவ்வளவுக்கு எழுத்து என்பதன் அளவன்று. நன்னூலார் சார்பெழுத்தினைப் பத்து வகையாக விரித்தபோதும் முதலெழுத்து முப்பதாகவே நின்றது. ஐயமற்ற நடுவினை முதலிற் கூறி, விளிம்பினை எண்ணாற் குறைக்காது நிபந்தனையால் விளக்கும் முறை இது.

இம்முறையை மலையக இலக்கியத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து (தொகுதி 1980) பிறப்பு, களம், நோக்குநிலை, மொழி ஆகிய எந்த அளவுகோலாலும் உள்ளே நிற்பது. எல்லாக் கூர்மைப்படுத்தல்களிலும் உண்மையாக நிற்பதே ஐயமற்ற உண்மை என்று 1975 இல் கிற் பைன் என்னும் மெய்யியலாளர் கூறிய கருத்தின்படி, நடுவென்பது இதுவே. இனி விளிம்புக்கு வருவோம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திற் பிறந்தவர். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். ஆனால் அவர் புகழுக்குக் காரணமான நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி (1935) இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. ஆசிரியர் திருநெல்வேலி மண்ணுக்குரியவர். மலைக்கொழுந்து நாவலைத் தந்த நந்தி யாழ்ப்பாணத்தவரான மருத்துவர். 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி காலத்தால் முந்தியது. எனினும் அது கோப்பிச் செய்கையைப் பாடுகின்றது, கூலியாளின் குரலாக அமையவில்லை. ஆசிரியர் பெயரறியாத தோட்டப் பாடல்களுட் சில தமிழகத்திலிருந்து உடன் வந்தவை. எத்தனையாவது முறை பாடப்பட்டபோது அவை மலையகப் பாடல்களாயின என்பதை எவரும் கூறவியலாது.

இவற்றுக்கு 0.5, 0.6 என எண்ணிடுவதாற் பெறப்படுவது யாது? துன்பக்கேணிக்கும் கும்மிக்கும் ஒரே எண் கிடைத்துவிட்டால் அவற்றிடையேயுள்ள வேறுபாடு மறைந்துவிடும். ஒன்று வெளியிலிருந்து வந்து உழைப்போரின் துயரை நோக்குவது. மற்றையது அவ்வுழைப்பிற் செழித்த செய்கையை நோக்குவது. ஒவ்வொன்றும் எந்த நிபந்தனையில் உள்ளே வருகின்றது, எதனைச் சார்ந்து நிற்கின்றது என்று கூறுவதே திறனாய்வின் பணி. அவ்வாறு கூறும்போது வர்க்கமும் பிறப்பிடமும் ஒன்றல்ல என்பதும் வெளிப்படும். ஒரே மூலகங்களைக் கொண்ட இரு தொடைகள் ஒன்றே என்பது செர்மெலோவின் முதலாவது வெளிப்படையுண்மை. மலையகத்தார் என்பதும் தோட்டத் தொழிலாளர் என்பதும் ஏறத்தாழ ஒரே மக்களைக் குறித்த காலத்தில் இரு கருத்துகளையும் வேறுபடுத்த வேண்டிய தேவை எழவில்லை. ஆசிரியரும், கடைச் சிப்பந்திகளும், கொழும்பிலே தொழில் பார்க்கும் இளைஞரும், ஒப்பந்தத்தின் கீழ் நீலகிரிக்குச் சென்றோரும் பெருகிய பின்னர் அத்தொடைகள் பிரிந்துவிட்டன. அவர்களது எழுத்து எத்தொடைக்கு உரியது என்ற வினா, வரையறையின் குறைபாட்டினால் எழுவதன்று. ஒரு சமூகம் மாறிக்கொண்டிருப்பதனால் எழுவது.

5

எனவே, எல்லையைக் காட்டுங்கள், இன்றேல் அப்படியொன்று இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்னும் வாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. எல்லையைக் காட்ட இயலாமை இன்மைக்குச் சான்றாகாது. அதேவேளை, கூரிய வரையறை ஒன்றைக் கையிலெடுத்துக் கொண்டு ஆக்கங்களை உள்ளே வெளியே எனப் பிரிக்கும் திறனாய்வாளர், தாம் எதிர்க்கும் சட்டத்தின் அளவையியலையே தாமும் கைக்கொள்கின்றார் என்பதை உணர்தல் வேண்டும். தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று கேட்ட சட்டத்துக்கும், ஆசிரியர் எங்கே பிறந்தார் என்று மட்டும் கேட்கும் திறனாய்வுக்கும் இடையே வடிவத்தில் வேறுபாடு இல்லை.

ஒரு வேறுபாட்டினையும் இங்கே வலியுறுத்துதல் அவசியம். இலக்கிய வகுப்பு அரைத்தொடையாக இருக்கலாம். அதன் விளிம்பு திறந்திருப்பது அதற்கு வளமே. உரிமை அவ்வாறானதன்று. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்துவைத்தன. அவை மக்களை மேலும் நுட்பமாக அளந்து தரம் பிரிக்கவில்லை. 2003 இன் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்து வரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களது வழித்தோன்றல்களும் பிரஜைகளாவர் எனக் கொண்டது. ஐயம் எழுந்த இடத்தில் விளிம்பினை நடுவோடு சேர்த்துக்கொண்டமையே அச்சட்டங்களின் சிறப்பு. இலக்கியத்தின் விளிம்பிலே நிபந்தனைகளை நுணுகி ஆராய்வதும், உரிமையின் விளிம்பிலே மனிதரை முழுமையாக ஏற்பதும் ஒன்றற்கொன்று முரண்பட்டவையல்ல. மடுவத்திலே அரைப்பேர் விழுந்தவள் அன்று உழைத்தது அரைநாளன்று என்பதை மறவாதோர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே விளங்கும்.